நாட்டுடைமையும் நல்ல பாடமும்

2024 டிசம்பர் 11, பாரதி பிறந்தநாள். அன்று டெல்லியில் தம் இல்லத்தில் பிரதமர் நரேந்திர மோடி 23 தொகுதிகள் கொண்ட ஒரு நூல்வரிசையை வெளியிட்டார். பாரதி எழுதியதெல்லாம் காலவரிசையில். தொகுத்தவர் 1934-இல் பிறந்த சீனி. விசுவநாதன், அறுபது ஆண்டுகளாக அவருக்கு இதுதான் வேலை. பதிப்பித்தது மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடம் சாலையில் இருக்கும் அல்லயன்ஸ், 1901-இல் வி. குப்புசுவாமி ஐயர் தொடங்கிய நிறுவனம். அடுத்த மாதமே தொகுப்பாசிரியருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

செய்தி வந்தபோது எல்லோரும் அரசியலைத்தான் பேசினார்கள். பாரதியை டெல்லி ஏன் அணைத்துக்கொள்கிறது, சென்னை ஏன் கோட்டைவிட்டது என்கிற வழக்கமான சண்டை. எனக்கு உறுத்தியது வேறு. பாரதியின் எழுத்தைச் சென்னை மாகாண அரசு 1949-இலேயே கையகப்படுத்தியது. அதன்பின் சில ஆண்டுகளில் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகிவிட்டது. எது எந்தத் தேதியில் எழுதப்பட்டது, எந்தப் பத்திரிகையில் முதலில் வந்தது, எந்தச் சொல் எந்தப் பதிப்பில் மாறியது என்று ஒழுங்குசெய்ய அதற்கப்புறமும் ஒரு தனிமனிதர் ஆயுளைக் கொடுக்க வேண்டியிருந்தது எப்படி?

நாட்டுடைமை என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஏற்பாடு உரிமையைப் பற்றியது மட்டுமே; பாடத்தைப் பற்றி அது வாய் திறப்பதில்லை என்பதுதான் விடை என்று நினைக்கிறேன். அச்சுக் காலத்தில் இந்தக் குறையோடு எப்படியோ ஓட்டிவிட்டோம். எந்திரங்கள் தமிழ் படிக்கும் காலத்தில் அப்படி ஓட்ட முடியாது.

*

முதலில் 1949-இன் கதை. ஆ. இரா. வேங்கடாசலபதி இதைத் தமிழில் 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்றும் பின்னர் ஆங்கிலத்திலும் தனிநூலாகவே எழுதியிருக்கிறார். எழுத்தாளர் ஒருவரின் பதிப்புரிமையை அரசே வாங்கிப் பொதுவில் விட்டது உலகில் இதுவே முதல்முறை என்பது அவர் வாதம்.

1920-இல் பாரதி தம் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் நாற்பது பகுதிகளாக, ஒவ்வொன்றும் பத்தாயிரம் படி அச்சிடத் திட்டம் போட்டார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி போலத் தம் புத்தகம் வீட்டுக்கு வீடு போக வேண்டும் என்பது கணக்கு. முதலீடு கேட்டுச் சுற்றறிக்கை விட்டார், பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் இறந்தார். மனைவி செல்லம்மாள் 'பாரதி ஆச்ரமம்' என்று தொடங்கிச் சில நூல்களைப் போட்டுப் பார்த்தார், ஓடவில்லை. பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதன் முதலியோர் நடத்திய பாரதி பிரசுராலயத்துக்கு 1931-இல் உரிமை கைமாறியது. மகள் சகுந்தலாவின் கல்யாணச் செலவும் கடனும் சேர்ந்து கழுத்தை நெரித்த நேரம் அது. இதற்கு நடுவே 1928-இல் பர்மா அரசு தடைவிதிக்க, அதை அடியொற்றிச் சென்னை அரசும் பாரதி பாடல்களைப் பறிமுதல் செய்ததும், சட்டசபையில் சத்தியமூர்த்தி அதை எதிர்த்து முழங்கியதும் நடந்தன. ஒருபக்கம் குடும்பத்துக்குச் சோறு போடாத எழுத்து, மறுபக்கம் ஆங்கில அரசைப் பயமுறுத்திய எழுத்து.

இந்தக் கதையில் எல்லோரும் வேகமாகத் தாண்டிப்போகிற ஓர் இடம் இருக்கிறது. 1930-களின் நடுவில் பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை மட்டும் தனியாகப் பிரித்து விற்கப்பட்டது. வாங்கியவர் சென்னையில் நகை வணிகம் செய்துவந்த ஒரு குஜராத்திக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கிராமபோன் தட்டு அப்போதுதான் காசு பார்க்கத் தொடங்கியிருந்தது. பேசும்படம் பிறந்து நாலைந்து வருடம். அந்த உரிமை நாளைக்கு என்ன விலை போகும் என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் முழுசாகத் தெரிந்திருக்காது. புத்தகத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டு உரிமை, அவ்வளவுதான். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்தத் துண்டுதான் மொத்தத்தையும் ஆட்டிவைத்தது. ஏவி. மெய்யப்பன் அதை விலைக்கு வாங்கினார். 1947-இல் அவர் எடுத்த 'நாம் இருவர்' படத்தில் டி. கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஒலிக்க, படம் பிய்த்துக்கொண்டு ஓடியது.

மறுவருடம் டி. கே. எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்தது. பாரதி பாட்டைப் பாட எவனைக் கேட்க வேண்டும் என்று நாடகக்காரர்கள் வளர்ந்த காலம். ஏவி.எம். வழக்குப் போட்டது. சட்டப்படி அது சரிதான். காசு கொடுத்து வாங்கியவர் கேட்காமல் என்ன செய்வார்? ஆனால் சுதந்திரம் கிடைத்து ஒரு வருடம் ஆகியிருந்த ஊரில், தேசியகவியின் பாட்டு ஒரு முதலாளியின் பெட்டிக்குள் கிடக்கிறது என்பதை ஜனங்கள் ஏற்கவில்லை. டி. கே. சண்முகம் மேடை மேடையாகப் பேசினார். 'பாரதி விடுதலைக் கழகம்' கிளம்பியது. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்கள் அலைந்து திரிந்து செல்லம்மாளின் சம்மதத்தையும் வாங்கினார்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சர், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சர். 1949 மார்ச்சில் அரசு முடிவை அறிவித்தது. மெய்யப்பச் செட்டியார் தம்மிடமிருந்த ஒலி உரிமையைப் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். தம்பி விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாளுக்கும் இரண்டு மகள்களுக்கும் தலா 5,000.

சும்மா இருந்திருந்தால் பாரதியின் பதிப்புரிமை 1971 முடிவில் தானாகவே தீர்ந்திருக்கும். இறந்து ஐம்பது வருடம் என்பது அப்போதைய சட்டம். அரசு வாங்கியது அந்த இருபத்திரண்டு வருடத்தைத்தான். அந்த அவகாசத்தில்தான் 1961-இல் பி. ஆர். பந்துலு 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். பாரதியின் பாட்டுகளைக் கொண்டே முழுப் படத்தையும் நடத்த ஜி. ராமநாதனால் முடிந்தது. பள்ளிக்கூடப் பாடநூல், மலிவுப் பதிப்பு, வானொலி, கட்சி மேடை எதுவும் யாரிடமும் கையேந்தவில்லை.

வங்காளத்தைப் பாருங்கள். தாகூர் 1941-இல் இறந்தார். அவர் எழுத்து 1991 முடிவில் பொதுவுக்கு வர வேண்டியது. விசுவபாரதிப் பல்கலைக்கழகத்துக்காக டெல்லி ஓர் அவசரச் சட்டம் போட்டு, இந்தியா முழுமைக்கும் ஐம்பதை அறுபதாக்கியது. ஒரு கவிஞருக்காக நாட்டின் சட்டமே நீண்டது. அதற்கு முன்பே விசுவபாரதியின் இசைக்குழு தாகூர் பாடலை இப்படித்தான் பாடலாம் என்று தணிக்கை செய்துகொண்டிருந்தது; தேவவிரத விசுவாஸ் மாதிரி ஒரு மகத்தான பாடகர் அந்தக் கெடுபிடியில் மனம் நொந்து ஒலிப்பதிவையே நிறுத்தினார். அந்த நிலை பாரதிக்கு வரவில்லை. பட்டம்மாளும் பாடலாம், திருவிழா மேடையில் சுதி சேராத கல்லூரி மாணவனும் பாடலாம். இந்த இரண்டாவது விஷயத்தையும் நான் லாபத்தில்தான் சேர்ப்பேன்.

ஆனால் விசுவபாரதியின் பிடிவாதத்துக்கு ஒரு மறுபக்கம் உண்டு. தாகூரின் பாடம் யார் பொறுப்பு என்று கேட்டால் வங்காளத்தில் சுட்டிக்காட்ட ஒரு முகவரி இருந்தது. நம்மிடம் பாரதியின் பாடத்துக்குப் பொறுப்பு யார்? அரசு 1950-களில் ஒரு குழுவை வைத்துப் பதிப்புப் போட்டது. பிறகு கையைக் கழுவிக்கொண்டது. பெ. தூரன் சுதேசமித்திரனில் புதைந்து கிடந்ததைத் தேடி எடுத்தார். ரா. அ. பத்மநாபன் படமும் கடிதமுமாகச் சேர்த்தார். இளசை மணியன் 'இந்தியா' பத்திரிகையைத் துருவினார். தமிழ்ப் பல்கலைக்கழகம் பாடல்களுக்கு 1987-இல் ஓர் ஆய்வுப் பதிப்பு வெளியிட்டது. ஒவ்வொன்றும் தனித்தனி முயற்சி. இதற்கிடையில் சந்தையில் விற்றுக்கொண்டிருந்த மலிவுப் பதிப்புகள் ஒன்றைப் பார்த்து ஒன்று அச்சடித்தவை. பிழையும் அப்படியே பரம்பரைச் சொத்தாக இறங்கி வந்தது.

*

பாரதிக்குச் செய்தது ஒரு மக்கள் கோரிக்கைக்கு விடை. பின்னால் அது அரசாங்கப் பழக்கமாயிற்று. நூற்றாண்டு வந்தால் நாட்டுடைமை, ஆட்சி மாறினால் நாட்டுடைமை. பாரதிதாசன் 1991-இல், அண்ணா 1995-இல், கல்கி 1999-இல், புதுமைப்பித்தன் 2002-இல். இப்போது பட்டியல் நூற்றைம்பது பேரைத் தாண்டிவிட்டது. 2024 ஆகஸ்டில் கருணாநிதியின் நூல்களும், குடும்பத்துக்கு ஒரு பைசா தொகை இல்லாமல், சேர்க்கப்பட்டன. தமிழ் வளர்ச்சித் துறை ஒரு தொகையை நிர்ணயிக்கும், வாரிசுகள் கையெழுத்துப் போடுவார்கள், அமைச்சர் காசோலை கொடுப்பார், மறுநாள் பத்திரிகையில் படம் வரும். வறுமையில் இருந்த பல எழுத்தாளர் குடும்பங்களுக்கு அந்தக் காசோலை உண்மையிலேயே உதவியிருக்கிறது. இதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அது பரிவுத்தொகை, அல்லது மரியாதை. பதிப்புக் கொள்கை என்று அதைச் சொல்ல முடியாது.

2009 நிதிநிலை அறிக்கையில் 28 பேர் பட்டியல் வந்தபோது இது பளிச்சென்று தெரிந்தது. கண்ணதாசன் குடும்பமும் சுந்தர ராமசாமி குடும்பமும் வேண்டாம் என்றன. தியாகராய நகரில் கண்ணதாசன் பதிப்பகம் நடக்கிறது. சுந்தர ராமசாமியின் குடும்பம் காலச்சுவடு நடத்துகிறது. எழுத்தை அவர்களே பதிப்பித்து, அவர்களே மெய்ப்புப் பார்த்து, அவர்களே விற்கிறார்கள். அவர்களுக்கு நாட்டுடைமை என்பது இருக்கிற காவலாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போடுவது. காவலாளியே இல்லாத வீடுகளுக்கு அதே ஏற்பாடு வரமாகப் படும். இந்த வித்தியாசத்தை அரசாணைகள் பார்ப்பதில்லை.

அதே ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு. பெரியாரின் 'குடி அரசு' எழுத்துகளைப் பெரியார் திராவிடர் கழகம் தொகுத்து வெளியிட முனைந்தது. பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் தடை கேட்டது. பதிப்புரிமை அந்த நிறுவனத்துக்குக் கைமாறியதாக நீதிபதி கே. சந்துரு ஏற்கவில்லை, தடை மறுக்கப்பட்டது. தன் கருத்து ஊரெல்லாம் பரவ வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க அச்சுக்கூடத்தோடு மல்லுக்கட்டிய மனிதரின் எழுத்துக்கு, அவர் போய் முப்பத்தைந்து வருடம் கழித்து, அவர் தொண்டர்களுக்குள்ளேயே வழக்கு. எனக்குத் தீர்ப்பில் மகிழ்ச்சிதான். ஆனாலும் இங்கேயும் பேசப்பட்டது யார் அச்சிடலாம் என்பதே. எது சரியான பாடம் என்று நீதிமன்றத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்வதற்கு அதனிடம் சட்டம் இல்லை.

சந்தையில் என்ன நடக்கிறது என்பதற்குப் 'பொன்னியின் செல்வன்' போதும். கல்கி அதை 1950 முதல் 1954 வரை தொடராக எழுதினார். நாட்டுடைமைக்கு முன்பு தியாகராய நகர் தீனதயாளு தெருவின் வானதி பதிப்பகத்தில் வாங்குவது வழக்கம். 1999-க்குப் பிறகு பதிப்புகள் பெருகின. மணிரத்னத்தின் படங்கள் 2022-லும் 2023-லும் வந்தபோது புத்தகக் கண்காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வந்தியத்தேவன்தான். கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, ஐந்தும் சேர்ந்த ஒரே தலையணை, சுருக்கம், சிறுவர் பதிப்பு. வாசகருக்கு நல்லதுதான், விலை குறைந்தது. ஆனால் நாட்டுடைமையானது கல்கியின் எழுத்து மட்டும். மணியம் வரைந்த ஓவியங்கள் அல்ல. அதனால் மலிவுப் பதிப்புகளில் குந்தவை எங்கோ கணினியில் செய்த பொம்மை முகத்தோடு நிற்கிறாள். உள்ளே இன்னும் மோசம். பத்திகள் ஒட்டிக்கொள்கின்றன, ஒற்றெழுத்துகள் மனம்போனபடி வந்து போகின்றன, அத்தியாயத் தலைப்பு ஒரு பதிப்பில் ஒரு மாதிரி. எந்தப் பாடத்தைப் பார்த்து அச்சிட்டோம் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போடும் பதிப்பாளரை விரல் விட்டு எண்ணலாம்.

பதிப்பாளரைத் திட்டிப் பயனில்லை. சுத்தப்பதிப்பு ஒன்றைக் கொண்டுவரப் பழைய இதழ்களைத் தேட வேண்டும், பாடபேதம் ஒப்பிட வேண்டும், இரண்டு மூன்று தடவை புரூஃப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்து வெளியிட்டால், பக்கத்துக் கடைக்காரர் அந்தப் பாடத்தை அப்படியே எடுத்துப் பாதி விலைக்குப் போடுவார். தடுக்க முடியுமா? 2007-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி - மோடக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, வெறும் உழைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது, சிறிதளவாவது படைப்புத்திறன் தெரிய வேண்டும் என்று. நீதிமன்றத் தீர்ப்புகளைப் பிழைதிருத்தி அச்சிட்ட நிறுவனத்தின் வழக்கு அது. முன்னுரைக்கும் அடிக்குறிப்புக்கும் காவல் உண்டு; மூலபாடத்தைத் திருத்தமாக மீட்ட உழைப்புக்கு இல்லை. நல்ல பதிப்பாசிரியர் எவ்வளவு திறமையாக வேலை செய்கிறாரோ அவ்வளவு தூரம் அவர் கை அந்தப் பாடத்தில் தெரியாது. தெரியாததால் உரிமையும் இல்லை. ஜெர்மானியச் சட்டம் இந்த முடிச்சை அவிழ்க்க, உரிமை தீர்ந்த நூல்களின் ஆய்வுப் பதிப்புகளுக்கு 25 ஆண்டுக் காவல் கொடுத்திருக்கிறது. அதை இங்கே கொண்டுவரலாமா என்றால் எனக்குத் தயக்கம். சங்க நூலுக்கெல்லாம் ஆளாளுக்கு வேலி கட்டுவார்கள். காவல் கொடுக்காவிட்டால் கூலி கொடுக்க வேண்டும். உரிமைக்குப் பணம் கொடுத்த அரசு, பாடத்துக்கும் கொடுக்க வேண்டும்.

*

1998 பொங்கலில், சுவிட்சர்லாந்தின் லோசானில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் வேலை முடித்து வந்த மாலைகளில் தட்டச்சு செய்து தமிழ் இலக்கியத்தை இணையத்தில் ஏற்றினார்கள். மறுவருடம் சென்னையில் 'தமிழ்நெட் 99' மாநாடு. அதன் விளைவாக 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இன்றைக்குக் கோட்டூர்புரத்தில் இருக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம். நாட்டுடைமை நூல்களை அது வருடிப் படமாக வைத்தது. 2016 வாக்கில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்தன. நாட்டுடைமைத் திட்டத்துக்கு அரசு செய்த மிகப் பெரிய நியாயம் இதுதான் என்பேன். 1949-இன் தர்க்கரீதியான அடுத்த படி.

படத்தை எழுத்தாக்க ஓசிஆர் ஓட்டினார்கள். இங்கே கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஈய அச்சில் துணைக்காலும் ரகரமும் இரட்டைப் பிள்ளைகள். 'பாரதி' என்பதை எந்திரம் 'பரரதி' என்று படிக்கும். 'காலம்' 'கரலம்' ஆகும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை நான்கும் தும்பிக்கை தூக்கி நிற்கும். றா, னா, ணா வளைந்து சுழிந்து கிடக்கும். எந்திரம் அங்கே தடுக்கி விழும். இவை கண்ணுக்குத் தெரிகிற பிழைகள், யாராவது திருத்திவிடலாம். தெரியாத பிழை ஒன்று உண்டு. 'மௌனம்' என்று திரையில் பார்க்கிறீர்கள். அது ஔகாரக் குறியோடு எழுதிய 'மௌ' ஆகவும் இருக்கலாம். மெகரத்துக்குப் பக்கத்தில் ஒரு ளகரத்தை ஒட்டிய 'மெள' ஆகவும் இருக்கலாம். பல எழுத்துருக்களில் வித்தியாசமே தெரியாது. கணினிக்கு இரண்டும் வெவ்வேறு சொல். 'பௌத்தம்' என்று தேடினால் 'பெளத்தம்' என்று ஏறிய பக்கம் வராது. மயிலை சீனி. வேங்கடசாமியின் நூல்களும் நாட்டுடைமைதான். அவர் பௌத்தத்தைப் பற்றி எழுதியதைத் தேடுகிறவர் பாதியைத் தவறவிடலாம், தவறவிட்டதே தெரியாமல்.

இந்தப் பாடங்களை விக்கிமூலத்தில் ஒவ்வொரு பக்கமாகப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருப்பவர்கள் தன்னார்வலர்கள்: ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், மாணவர்கள், மென்பொருள் ஊழியர்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. சீனி. விசுவநாதன் செய்த வேலையைச் சிறுசிறு துண்டாக, பெயர் தெரியாத பலர் செய்கிறார்கள்.

இவ்வளவையும் ஆராய்ச்சியாளர்களின் கவலை என்று முன்பு ஒதுக்கியிருக்கலாம். இப்போது அந்த எழுத்துகளின் முதன்மை வாசகர் மனிதர் அல்ல. பெரிய மொழி மாதிரிகள் இணையத்தில் கிடைக்கும் எல்லாவற்றையும் விழுங்கிக் கற்கின்றன. உலக இணையத்தைத் திரட்டும் பொதுத் தொகுப்புகளில் தமிழின் பங்கு ஆயிரத்தில் ஒன்றைக்கூடத் தொடாது. இந்த வறட்சியில், சட்டச் சிக்கல் இல்லாத நல்ல தமிழ் உரைநடை வேண்டும் என்று தேடுகிறவருக்கு நாட்டுடைமை நூல்கள் புதையல். உ.வே.சா.வுக்குப் பிந்தைய ஒரு நூற்றாண்டுத் தமிழ் அதில் இருக்கிறது. அடையாறின் ஓரத்தில் ஐஐடி வளாகத்திலிருந்து இயங்கும் ஏஐ4பாரத் குழு 2024-இல் 'சங்கிரஹா' என்ற தொகுப்பை வெளியிட்டது; 22 இந்திய மொழிகளுக்கு 251 பில்லியன் சொல்துண்டுகள். இணையப் பக்கங்களும் ஓசிஆர் செய்த ஆவணங்களும் அதில் உண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவை எந்திரத்தால் 14 இந்திய மொழிகளுக்குப் பெயர்த்துச் சேர்த்த பகுதியும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு எழுத்து வேறெங்கே கிடைக்கும்? நான் கேட்பது நம்மை நோக்கி. திரு.வி.க.வின் உரைநடையை அரசு விலை கொடுத்து வாங்கி வைத்திருக்கும் ஊரில், எந்திரத்துக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த தமிழ் தேவைப்படுகிறது. கற்றுக்கொண்ட எந்திரம் எழுதும் தமிழ் எப்படி இருக்கிறது என்று தினமும் வாட்ஸ்அப்பில் பார்க்கிறோமே.

உரிமைக் கேள்வியும் இங்கே புதுசாக முளைக்கிறது. 2025-இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தை வைத்து எந்திரத்தைப் பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடே என்றது. திருட்டு நூலகங்களிலிருந்து இறக்கிச் சேமித்தது மட்டும் அப்படியல்ல என்றது. அந்த வழக்கில் சிக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனம் 150 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. ஏறக்குறைய ஐந்து லட்சம் நூல்கள், ஒன்றுக்குச் சுமார் 3,000 டாலர். அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் உரிய காலத்தில் பதிவானவற்றுக்கு மட்டும். அங்கே போய்ப் பதிந்த தமிழ்ப் புத்தகம் எத்தனை இருக்கும்? டெல்லி உயர் நீதிமன்றத்தில் 2024 நவம்பரில் ஓபன்ஏஐ மீது ஏஎன்ஐ செய்தி நிறுவனம் வழக்குத் தொடுத்தது. மத்திய அரசின் தொழில் மேம்பாட்டுத் துறை அமைத்த குழு 2025 டிசம்பரில் ஒரு யோசனை வெளியிட்டது. எந்திரப் பயிற்சிக்கு எல்லாப் படைப்பையும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் மறுக்க முடியாது, ஆனால் உரிமத்தொகை கட்ட வேண்டும். ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும். இது அதன் சாரம்.

இது சட்டமானால் நாட்டுடைமை நூல்களுக்கான பங்கு யாருக்கு? வாரிசுக்கு இல்லை, விற்றாகிவிட்டது. அரசுக்கா? அப்படியானால் உரிமை இன்னும் அரசிடம் இருக்கிறது, எல்லோரையும் அச்சிட அனுமதித்திருக்கிறது என்று பொருள். பொதுவுக்கு விட்டாயிற்று, யாருக்கும் உரிமை இல்லை என்றால் பங்கு யாருக்கும் இல்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு ஆசிரியர் தம் உரிமையைத் துறப்பதைப் பற்றிப் பேசுகிறது. விலைக்கு வாங்கிய அரசு துறப்பதைப் பற்றிப் பேசவில்லை. எழுபத்தைந்து வருடமாக யாருக்கும் இந்தக் குழப்பம் உறைக்கவில்லை, ஏனென்றால் அதில் பணம் இல்லை.

இன்னொரு நூலிழையும் இருக்கிறது. 2012 திருத்தம் 18-ஆம் பிரிவில் ஒரு வரம்பு சேர்த்தது. உரிமை மாற்றம் நடந்த நாளில் இல்லாத, அல்லது வணிகப் புழக்கத்துக்கு வராத ஊடகத்துக்கு, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டாலன்றி, அந்த மாற்றம் செல்லாது. திரைப்பாடல் ஆசிரியர்களும் இசையமைப்பாளர்களும் போராடிப் பெற்ற திருத்தம் அது. கேசட் காலத்து ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு செல்பேசி ரிங்டோனில் சம்பாதித்தார்கள் என்பது அவர்கள் வழக்கு. அதே தர்க்கத்தில், 2012-க்குப் பின் நாட்டுடைமையான ஓர் எழுத்தாளரின் வாரிசு, நான் அச்சுரிமையைத்தான் கொடுத்தேன், எந்திரப் பயிற்சி உரிமையை அல்ல என்று வந்து நின்றால்? வெல்வார் என்று சொல்லவில்லை. வழக்குப் போட இடம் இருக்கிறது என்கிறேன். 1930-களில் துண்டாகப் பிரிந்துபோன ஒலி உரிமை பத்து வருடம் கழித்து என்னவாக வந்து நின்றது என்று பார்த்தோம்.

என் கட்சி எது என்று கேட்டால், நாட்டுடைமை நூல்களை எந்திரங்கள் தாராளமாகப் படிக்கட்டும் என்பேன். வாங்கியது அதற்காகத்தான், பாரதியே நாலு லட்சம் படி போட ஆசைப்பட்டவர். தடுத்தால் கெட்ட தமிழைப் படித்த எந்திரம்தான் நம் பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும். படிக்கிற பாடம் சரியாக இருக்க வேண்டும், அதை யார் சரிபார்த்தார்கள் என்று தெரிய வேண்டும், அவ்வளவே.

அதற்குப் பெரிய மாநாடு வேண்டாம். 2024-இல் நந்தம்பாக்கத்தில் 'கணித்தமிழ் 24' நடத்தியாகிவிட்டது. தமிழ் வளர்ச்சித் துறையின் அடுத்த நாட்டுடைமை ஆணையில் சில பத்திகள் கூடினால் போதும். எந்தெந்த நூல்கள், எந்தப் பதிப்பை அடிப்படையாகக் கொண்டு என்ற பட்டியல். எழுத்தோடு ஓவியமும் முன்னுரையும் சேர்த்தியா இல்லையா என்ற தெளிவு. அச்சு, ஒலி, மின்பாடம், எந்திரப் பயிற்சி என எல்லாவற்றுக்கும் பெயர் சொல்லிய உரிமை மாற்றம். வாரிசுக்குக் கொடுக்கும் தொகையில் கால்பங்காவது ஒதுக்கி, ஆண்டு குறித்து, இரண்டுமுறை மெய்ப்புப் பார்த்த யூனிகோடு பாடம் ஒன்றைக் கோட்டூர்புரத்தில் வைக்க வேண்டும். திருத்தியவர் பெயர் முதல் பக்கத்தில். பழைய நூற்றைம்பது பேருக்கும் இதைப் பின்தேதியிட்டுச் செய்யலாம். வேலைக்கு ஆள் தேட வேண்டியதில்லை: விக்கிமூலத்தின் திருத்த வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தால் யார் எத்தனை பக்கம் திருத்தினார்கள் என்ற கணக்கு நாள்வாரியாக இருக்கிறது.